அ, இ, உ, எ, ஒ

செங்கல்பட்டு மின்ரயிலில் காதில் ஹெட்போனோடு ஜப்பானிய மொழி படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஜப்பான் பவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். போன் இருந்தால் போதும்.

ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்து அட்டவணையைத் திறந்ததும் தமிழருக்கு ஓர் ஆனந்தம் காத்திருக்கிறது. முதல் வரிசை அ, இ, உ, எ, ஒ. அடுத்தது க, கி, கு, கெ, கொ. பிறகு ச, த, ந என்று போய் ம, ய, ர, வ என்று இறங்குகிறது. நம் வரிசையேதான்! நடுவில் 'ஹ' மட்டும் இடறும். பழைய ஜப்பானியத்தில் அது 'ப' ஒலி என்று தெரிந்ததும் அதுவும் இடத்தில் பொருந்திவிடும். பௌத்தத் துறவிகள் கற்ற சித்தம் எழுத்து வழியே அங்கே போன ஒழுங்கு இது. சித்தத்துக்கும் பல்லவ கிரந்தத்துக்கும் மூலம் பிராமி. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட குகையில் ஒரே கல்வெட்டைக் கிரந்தத்திலும், சித்தத்தின் உறவான நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள்; அவசியம் போய்ப் பாருங்கள்.

வாக்கிய அமைப்பும் தமிழைப் போலத்தான்: வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலக் காணொளிகள் இதை விளக்கத் திணறும். தமிழிலேயே யோசித்துப் படியுங்கள். மிச்சப்படுத்திய உழைப்பையெல்லாம் கான்ஜி என்னும் சீன எழுத்துகளுக்குக் கொடுக்கலாம். அன்றாடப் பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன.