வீடு என்னும் அலகு

செயற்கைக்கோள் இணையம் பற்றிய பேச்சில் வானத்தைவிட அதிகமாக வரும் சொல் வீடு. கம்பி போகாத வீடுகள், மலையில் தனித்து நிற்கும் வீடுகள், தீவில் இருக்கும் வீடுகள் என்று விளம்பரமும் அரசுத் திட்டமும் எண்ணிச் சொல்வது வீடுகளைத்தான். வீட்டுக்கு இணைப்பு வந்துவிட்டால் அதற்குள் வாழும் எல்லோருக்கும் வந்துவிட்டதாகக் கணக்கு முடிகிறது. பெண்ணியம் நெடுங்காலமாகக் கேள்வி கேட்டுவந்த கணக்கு இது. வறுமையை வீட்டை அலகாக வைத்து அளந்தபோது, வீட்டுக்குள் சோறு எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை என்று எடுத்துக்காட்டியவர்கள் பெண்கள். சோற்றுக்குச் சொன்னதை இணையத்துக்கும் சொல்லவேண்டிய காலம் இது. இந்தியாவில் ஸ்டார்லிங்க் சேவைக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் வழங்கியது. இலங்கையில் அதே ஆண்டு ஜூலையில் சேவையே தொடங்கிவிட்டது.

முதலில் இந்தத் தொழில்நுட்பத்தின் அருமையை ஒப்புக்கொள்வோம். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. ஒரு கேள்வி மேலே போய் பதில் கீழே வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். காணொளியில் பேசுகிறவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் இடறுவார்கள். இப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோள்கள் சுற்றுகின்றன. கூரைமேல் ஒரு டிஷ், மரம் மறைக்காத வானம், நிற்காத மின்சாரம், உள்ளே ஒரு ரூட்டர். இவ்வளவு போதும், குழி தோண்டிக் கேபிள் பதிக்க வேண்டியதில்லை. ஆனால் பொறியியலின் பேச்சு ரூட்டரோடு நின்றுவிடுகிறது. கோளிலிருந்து கூரைவரை உள்ள தூரத்துக்குத் துல்லியமான கணக்கு உண்டு. ரூட்டரிலிருந்து அடுப்படி வரை உள்ள தூரத்துக்குக் கணக்கில்லை.

அந்தத் தூரத்தை ஓரளவு காட்டும் எண்கள் நம்மிடம் இருக்கின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, வாழ்நாளில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டது. இந்திய அளவில் ஆம் என்ற ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. கிராமப்புறத்தில் ஆண்கள் 48.7, பெண்கள் 24.6. கிராமத்தில் இணைப்பு மோசம் என்பதால் இருபாலாரின் எண்ணும் குறைகிறது. அதைக் கோள் சரிசெய்யலாம். ஆனால் இருவருக்கும் இடையிலான பள்ளம் நகரத்திலும் தொடர்கிறது. ஒரே கோபுரத்தின் கீழ், ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருக்கிடையே உள்ள பள்ளம் அது. அலைவரிசையைக் கூட்டுவதால் அது தானாக மூடாது.

தமிழில் இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். இல்லான் என்றால் ஏதும் இல்லாதவன். ஒலியளவில் இரண்டும் இணைச்சொற்கள்போலத் தோன்றினாலும், ஒன்று இல்லத்திலிருந்தும் மற்றது இன்மையிலிருந்தும் பிறந்தவை. இல்லாளுக்கு மொழி இல்லத்தைக் கொடுத்தது. பட்டாவைக் கொடுத்ததா என்பது வேறு கேள்வி. இணையக் கணக்கும் பட்டாவைப் போன்றதுதான். அது ஒருவர் பெயரில் இருக்கும். கட்டணம் ஒருவர் அட்டையிலிருந்து போகும். கடவுச்சொல் ஒருவருக்குத் தெரியும், மற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்குவது பறிக்கப்படவும் கூடியது. அடிக்கும் கணவன் வீட்டிலிருந்து 181 என்ற மகளிர் உதவி எண்ணைத் தேட நினைக்கும் ஒருத்திக்கு, அந்த ஒற்றைக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பது உயிர்நிலைக் கேள்வி. வேறு கம்பியும் கோபுரமும் இல்லாத ஊரில் கோள்தான் ஒரே வழி என்றால், அந்த ஒரே வழிக்கு ஒரே சாவி.

இந்தத் தொழில்நுட்பம் ஒரு சமூகத்துக்குள் நுழைந்த கதை எப்படிச் சொல்லப்பட்டது என்பதையும் வாசிக்க வேண்டும். பிரேசிலின் அமேசான் காட்டில், ஜவாரி பள்ளத்தாக்கில், சுமார் 2,000 மருபோ மக்கள் ஆற்றங்கரைகளில் வாழ்கிறார்கள். நன்கொடையாக வந்த ஸ்டார்லிங்க் டிஷ்கள் வழியே அவர்களுக்கு இணையம் கிடைத்தது. 2024 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அதை விரிவாக எழுதியது. பாம்பு கடித்தால் முன்பு ஊருக்கு ஊர் வானொலிக் கருவியில் செய்தி கடத்த வேண்டியிருந்தது, இப்போது உடனே உதவி கேட்க முடிகிறது என்பது அதில் இருந்தது. தொலைவிலுள்ள உறவினரோடு பேச முடிகிறது என்பதும் இருந்தது. இளைஞர்கள் ஆபாசப் படம் பகிர்வது பற்றி ஒரு தலைவரின் கவலையும் இருந்தது. உலகம் முழுக்க இணையதளங்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் உருவி, ஒரு பழங்குடியே ஆபாசத்துக்கு அடிமையாகிவிட்டதாகத் தலைப்பிட்டன. அது உண்மையல்ல என்று அதே இதழ் சில நாட்களில் மறுபடி எழுத நேர்ந்தது. 2025இல் மருபோ மக்கள் அந்த இதழ்மீதும் வேறு ஊடகங்கள்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள்.

பாம்புக்கடி ஏன் தலைப்பாகவில்லை? பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஒரு பெண்ணின் கையில் கைப்பேசி வந்ததும், அவள் யாரோடு பேசுகிறாள் என்பதே முதல் கேள்வியாகிறது. எந்த விண்ணப்பத்தை நிரப்பினாள், எந்த மருத்துவரைத் தேடினாள் என்பது அல்ல. அதிகாரமற்றவர் கையில் கருவி போனால் அதன் பயன் செய்தியாவதில்லை, ஒழுக்கமே செய்தியாகிறது. பழங்குடியைப் பார்க்கும் பெருநகரத்தின் கண்ணும், மகளைப் பார்க்கும் வீட்டின் கண்ணும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

மருபோ தலைவர்கள் இணையத்துக்கு நேரம் வகுத்தார்கள்: காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஐந்து மணி நேரம், ஞாயிறு முழுநாள். வேட்டையும் மீன்பிடிப்பும் பயிரிடலும் இல்லாமல் அங்கு உணவில்லை என்பது அதற்கான காரணம். இதைப் படித்ததும் நம் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வரவேண்டும். 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆண்கள் விடுதியில் இப்படி விதி இல்லை என்று சுட்டிக்காட்டி மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஃபஹீமா ஷிரின் எதிர் கேரள அரசு என்று அறியப்படும் அந்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி. வி. ஆஷா தீர்ப்பளித்தார். மாணவியை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டார்.

இரண்டும் நேரக் கட்டுப்பாடுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒரு சமூகம் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்வது தன்னாட்சி. ஒரு பாலாருக்கு மட்டும் மற்றவர் நேரம் வகுப்பது காவல். வேறுபாடு மணிக்கணக்கில் இல்லை. கணக்குப் போட்டபோது யார் உட்கார்ந்திருந்தார் என்பதில் இருக்கிறது. அதனால் மருபோ ஊர்களையும் விட்டுவைக்காமல் கேட்கலாம்: அந்த அவையில் பெண்கள் இருந்தார்களா? விறகும் தண்ணீரும் சமையலும் முடித்து வருகிறவளுக்கு எந்த மணி ஓய்வு மணி என்று கேட்டார்களா? நம் வீடுகளில் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்.

ஏனென்றால் இணையம் வீட்டுக்கு வரும்போது வேலையோடும் வருகிறது. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல், வீட்டுக்கு வந்த இயந்திரங்கள் பெண்ணின் உழைப்பை எதிர்பார்த்தபடி குறைக்கவில்லை என்று காட்டியது. துவைக்கும் இயந்திரம் வந்ததும் துணி மாற்றும் வழக்கம் கூடியது. வெளியே கொடுத்த வேலை வீட்டுக்கே திரும்பியது. கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். பாடத்தைப் புரியவைத்தார்கள், வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற வசதி, வீட்டு வேலையோடு சேர்த்தே வேலை செய்யலாம் என்பதாகப் பெண்ணுக்கு மொழிபெயர்ந்தது. கம்பி போகாத வீடுகளுக்கு இந்தச் சுமை இனிமேல்தான் போகப்போகிறது.

ஆகவே டிஷ் வேண்டாம் என்பதல்ல வாதம். வரட்டும், மலையில் பிரசவ வலி கண்டவளுக்கு அது வேண்டும். ஆனால் வீட்டைத் திறந்து பார்க்கும் சட்டம் நமக்குப் பழக்கமில்லாததும் அல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவியாகக் கொள்ள வேண்டும் என்றது. அரிசிக்குச் செய்ததை அலைவரிசைக்குச் செய்யத் தடை என்ன? பொதுப்பணம் போகும் இணைப்புகளில் கணக்கு பெண் பெயரிலும் இருக்கட்டும். ஊர் நூலகத்திலும் சுயஉதவிக் குழு கூடும் இடத்திலும், கணவனின் கடவுச்சொல் தேவைப்படாத ஒரு டிஷ் நிற்கட்டும். எத்தனை வீடுகள் இணைந்தன என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அடுத்த வரியில் இன்னோர் எண்ணையும் எழுதட்டும்: யாரிடமும் கேட்காமல் இணையத்தைத் திறக்க முடிந்த பெண்கள் எத்தனை பேர்.