காசிமேட்டில் ஜூபிடர்-8: பழைய மரை லென்ஸ், புதிய கேமரா

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தின் நடுவே பெரிய ஜூம் லென்ஸைத் தூக்கினால், கூடை சுமந்து வருபவர் இடித்துக்கொண்டு போவார், ஏலம் கூவுபவர் முறைப்பார். ஞாயிறுதோறும் வந்து குவியும் கேமராக்காரர்கள் அவர்களுக்கு அலுத்துவிட்டார்கள். அங்கே எனக்குத் தோதாக அமைந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சோவியத் லென்ஸ்: ஜூபிடர்-8, 50 மி.மீ., எஃப்/2. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கென்று செய்தது. அதை அடாப்டர் போட்டு சோனி ஏ7 மார்க் 2-இல் மாட்டி, ராயபுரம் முதல் எண்ணூர் வரை படம் எடுத்துப் பார்த்தேன்.

இந்த லென்ஸின் பூர்வீகம் ஜெர்மனி. கான்டாக்ஸ் கேமராவுக்காக ஸைஸ் நிறுவனத்தின் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த சோனார்தான் மூலம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, இழப்பீடாக ஜெர்மன் கருவிகளும் கண்ணாடியும் சோவியத்துக்குப் போயின. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் அதே வடிவமைப்பு ஜூபிடர் என்ற பெயரில் வெளிவந்தது. மாட்டும் முறை மட்டும் லைக்காவினுடையது: 39 மி.மீ. விட்டத்தில் திருகு மரை. 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸோன் காலத்து லைக்காக்கள் இந்த மரை வைத்தவைதான். திருகாமல் மாட்டும் எம் மவுண்ட் வந்தது 1954-இல்.

மரை லைக்காவில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. சோனி இ மவுண்டில் சென்சார் வரை 18 மி.மீ.தான். மிச்சமுள்ள 10.8 மி.மீ. இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடியும் கிடையாது, மின் இணைப்பும் கிடையாது. கண்ணாடி மடங்கும் பழைய டிஎஸ்எல்ஆர்களில் இது நடக்காது. நிகான் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5, கேனான் இஎஃப்பில் 44. லென்ஸை அவ்வளவு உள்ளே தள்ள வழியில்லை.

வெறும் வளையம்தானே, எதை வாங்கினால் என்ன என்று விட்டுவிட முடியாது. 50 மி.மீ. லென்ஸுக்கு அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துப்போனால் ஏறத்தாழ 25 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூர்மையாக விழாது. திருவொற்றியூர் கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் தெளிவாக இருக்கும், கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல் தெளியாது. இதற்குப் பயந்து அடாப்டர் செய்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகக் கடைகிறார்கள். அப்போது கப்பல் கிடைத்துவிடும். ஆனால் லென்ஸில் பொறித்திருக்கும் தூர அளவு பொய் சொல்லும். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்குக் கவலையில்லை. எண்ணைப் பார்த்துத் தூரத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபடி எடுப்பவருக்கு இது பெரிய தொல்லை.

மலிவான அடாப்டர் ஒன்று, அதைப்போல மூன்று மடங்கு விலையில் ஒன்று என இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மலிவானது கேமராவில் லேசாக ஆடியது. அதைவிட மோசம், உட்சுவர் பளபளத்தது. எதிர்வெயிலில் படம் முழுக்க வெளுத்தது. உள்ளே மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசியதும் பாதிக் குறை தீர்ந்தது. ஆட்டத்துக்கு மருந்தில்லை.

கேமராவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டன் அமுங்கியும் படம் விழாது. கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதிக்கு 50 என்று நாமே எண் கொடுக்க வேண்டும். ஒரு பட்டனில் உருப்பெருக்கியை வைத்துக்கொள்ளுங்கள். எஃப்/2-இல் திரையில் மினுங்கும் பீக்கிங் கோடுகளை மட்டும் நம்பினால் கண்ணுக்குப் பதில் மூக்கு தெளிவாக இருக்கும். அப்பெர்ச்சர் வளையத்தில் ‘கிளிக்’ கிடையாது, வழுக்கிக்கொண்டே போகும். வீடியோ எடுப்பவர்களுக்கு அதுவே வரம்.

ஃபோகஸில் சோனி போன்ற மிரர்லெஸ் கேமராவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. சோவியத் ஜூபிடர்களின் ஃபோகஸ் கணக்கு லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரின் 51.6 மி.மீ. குவியத் தூர அளவோடு சரியாகப் பொருந்தாது. நிஜ லைக்காவில் மாட்டினால், கிட்டத்தில் முழு அப்பெர்ச்சரில் ஃபோகஸ் தவறும். சென்சாரிலேயே நேரடியாகப் பார்த்து எடுக்கும்போது அந்தச் சிக்கலே எழாது.

பெரிய குறை, ஒரு மீட்டருக்குள் நெருங்க முடியாதது. ஐஸ் பெட்டியில் கிடக்கும் வஞ்சிரத்தின் கண்ணை எடுக்கப் போய் பின்வாங்கத்தான் வேண்டும். ஹெலிகாய்டு வைத்து நீளும் அடாப்டர் வாங்கினால், 5 மி.மீ. நீட்டிப்பிலேயே அரை மீட்டருக்கும் குறைவாக நெருங்கலாம். என் கணக்கில் அந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

படம் எப்படி? எஃப்/2-இல் நடுப்பகுதி போதுமான கூர்மை, ஓரங்கள் தளர்வு. எஃப்/5.6-க்குப் போனால் ராயபுரம் ரயில் நிலையத்தின் 1856-ஆம் ஆண்டுத் தூண்களும் வளைவுகளும் தயங்காமல் வருகின்றன. மனித முகங்களுக்கு எஃப்/2.8 அருமை. வலை பின்னும் பெரியவர் ஒருவர், “இன்னா தம்பி, ஃபிலிம் கேமராவா?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார், லென்ஸின் அளவு தரும் சலுகை அது. எண்ணூரில் கதை வேறு. முகத்துவாரத்தில் நின்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை எடுத்தால், மூட்டத்தோடு லென்ஸின் குறைந்த கான்ட்ராஸ்ட்டும் சேர்ந்து எல்லாம் சாம்பல். லென்ஸ் ஹூட் கட்டாயம், ரா ஃபைலும் கட்டாயம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். அங்கே காற்றில் தூசு அதிகம். வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

உப்புக் காற்று இன்னொரு எதிரி. எழுபது வயதை நெருங்கும் கண்ணாடிக்குச் சென்னை ஈரம் பூஞ்சைக்கான அழைப்பிதழ். வீடு திரும்பியதும் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். தோல் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

என் தீர்ப்பு: 50 மி.மீ.யில் தொடங்குங்கள். ஜூபிடர்-8 கிடைக்காவிட்டால் இண்டஸ்டார்-61 வாங்கலாம், 55 மி.மீ., எஃப்/2.8, ஓரங்கள் இன்னும் கூர்மை. பழைய வைட் லென்ஸ்கள் வேண்டாம். சென்சாருக்கு முன்னாலுள்ள கண்ணாடி அடுக்கு அவற்றின் ஓரங்களைக் குழப்பிவிடும். ஜூபிடர்-12-இன் பின்கண்ணாடி வேறு கேமராவுக்குள் ஆழமாக நீட்டிக்கொண்டிருக்கும். பணம் கொடுக்குமுன் லென்ஸின் பின்புறப் படத்தைக் கேளுங்கள். ஃபோகஸ் திருப்பும்போது முன்னும் பின்னும் நகரும் உலோக வளையம் அங்கே இருக்க வேண்டும். அது இல்லையென்றால், அதே 39 மி.மீ. மரையோடு வந்த ஜெனிட் எஸ்எல்ஆர் லென்ஸாக இருக்கக்கூடும். அதற்கு 45.2 மி.மீ. தூரம் தேவை, இந்த அடாப்டரில் எதையுமே ஃபோகஸ் செய்யாது.