கழிபொருளும் கலையும்

ஓவியத்துக்குரியன வண்ணமும் கித்தானுமே என்ற மரபு 1912 இல் பரிஸ் நகரில் உடைபட்டது. பிரம்புப் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்ச்சீலைத் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டிய பிக்காசோ, கயிற்றையே அதற்குச் சட்டமாக்கினார். அதே ஆண்டில் பிராக், மரவரிபோல் அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். போலச்செய்தலை இயந்திரம் ஏலவே செய்துவிட்ட காலத்தில் ஓவியனின் பணி யாது என்ற வினாவே இவ்வொட்டுகளின் உட்கிடை எனலாம்.

முதலாம் உலகப் போர் அவ்வினாவைக் கூர்மையாக்கிற்று. 1919 இல் ஹனோவர் நகரில் சுவிற்றேர்ஸ் பயணச்சீட்டு, பழந்தாள், மரத்துண்டு ஆகியவற்றைத் திரட்டிக் கலையாக்கினார். அக்கலைக்கு அவர் இட்ட 'மேர்ஸ்' என்னும் பெயரே வங்கி விளம்பரமொன்றிலிருந்து கத்தரிக்கப்பட்ட சொற்சிதறலாகும். சிதைந்த சமுதாயத்தின் சிதறல்களே அவருக்கு மூலப்பொருளாயின. பேர்ளினில் ஹாட்பீல்ட் மேலும் ஒருபடி சென்றார். 1932 இல் வெளிவந்த அவரது ஒளிப்பட ஒட்டில், வணக்கத்துக்கு உயர்ந்த ஹிட்லரின் கையில், பின்னின்ற பெருமுதலாளி பணத்தை வைக்கிறார்.

ஆயின், பொருளின் புதுமை மட்டுமே புரட்சியாகிவிடுமா? 1917 இல் நியூயோர்க் கண்காட்சியில் வைக்கப்படாது ஒதுக்கப்பட்ட டுஷாமின் சிறுநீர்க்கலம், 1964 இல் அவரது இசைவுடனேயே எண்ணிட்ட பிரதிகளாக விற்பனைக்கு வந்தது. மரபைச் சாடிய கலையையும் சந்தை சரக்காக்கிக்கொள்ளும். மாறாக, ஹாட்பீல்டின் ஒட்டு தாங்கிய உண்மையைச் சந்தையால் செரிக்க இயலவில்லை. 1933 இல் அவர் நாட்டைவிட்டே தப்பியோட நேர்ந்தது. எனவே, கலைஞன் எப்பொருளைக் கையாண்டான் என்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அப்பொருள் எவ்வுண்மையைப் புலப்படுத்துகிறது என்பதே வினவற்பாலது.