தனக்கென்று ஒரு போர்வை

குயில்ட் தைப்பவர்கள் தைத்ததைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பிறக்கப்போகும் பேரனுக்கு ஒன்று, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு ஒன்று, தேவாலயத்து ஏலத்துக்கு ஒன்று. குயில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல். பெரிய கட்டிலுக்கான போர்வையைக் கையாலேயே தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு உழைப்பையும் தனக்கே செலவழிக்க மனம் கூசுகிறது. அப்படிக் கூசாமல் ஒன்றைத் தனக்கென்று தைத்துக்கொண்டால் அந்தச் சுகமே தனி என்று கை தேர்ந்தவர்கள் சொல்வதுண்டு. சுகம் உண்மைதான். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு அவர்களோடு பிணக்கு.

பரிசாகத் தைக்கும்போது வாங்கப்போகிறவரின் ரசனை கூடவே உட்கார்ந்திருக்கும். அவர் வீட்டுச் சுவரின் நிறம் என்ன, பூப்போட்ட துணி பிடிக்குமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். போட்டிக்கென்றால் முனையோடு முனை பொருந்துகிறதா, தையல் சீராக ஓடுகிறதா என்று பார்க்க நடுவர்கள் இருக்கிறார்கள். தனக்கென்று தைப்பவருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. யாரும் பார்க்காத வேலை என்ன அழகைத் தரும் என்பதற்கு அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட்டை விடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர் அது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழ்கிறார்கள். பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. பழைய தோட்ட முதலாளியின் பெயர். குளிருக்கு ஈடுகொடுக்காத மரவீடுகளில், நைந்த வேலை உடுப்புகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி அந்தப் பெண்கள் போர்வை தைத்தார்கள். கால்சட்டையின் முழங்கால் பக்கம் வெளுத்திருக்கும், பை பிரித்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். அந்த நிற வேறுபாட்டையே வடிவமாக்கினார்கள். கோடுகள் நேராகப் போவதில்லை. ஒரு பட்டை பாதியில் நின்று வேறு நிறத்தில் தொடரும். 2002இல் இந்தப் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கியபோது, விமர்சகர்கள் அவற்றை நவீன ஓவியங்களின் வரிசையில் வைத்துப் பேசினார்கள். 2006இல் பத்து போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளாயின.

வெளியுலகம் தெரியாமல் வளர்ந்த கலை என்று இதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1966இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1970களில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்காக கார்டுராய் என்ற வரியோடிய தடித்த துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தார்கள். அளவு பிசகக் கூடாது, ஒன்று போலவே மற்றொன்றும் இருக்க வேண்டும். அந்த வேலையில் மிஞ்சிய பொன்மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிற கார்டுராய்த் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. இன்று அருங்காட்சியகங்கள் கொண்டாடும் துணிச்சலான போர்வைகளில் பல அந்த மிச்சத்தில் பிறந்தவைதான். கையும் அதே, துணியும் அதே. கேட்பதற்கு ஆள் இருந்த இடத்தில் உறை. கேட்பாரற்ற இடத்தில் கலை. தனக்கென்று தைப்பதன் பலத்துக்கு இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

ஆனால் சுகம்? லொரெட்டா பெட்வேயின் போர்வைகள் அந்த ஊரின் மிகச் சிறந்தவற்றில் சேர்பவை. தனக்குத் தையலே பிடிக்காது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். வயல் வேலை, பன்றிகளுக்குத் தீனி, ஊனமுற்ற சகோதரரைப் பார்த்துக்கொள்வது, இத்தனைக்கும் மேல் குளிர் என்பதால் தைத்தார். மிஸ்ஸூரி பெட்வே 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து, அவர் நினைவாகத் தான் போர்த்திக்கொள்ள ஒன்று தைத்தார். இதில் எதைச் சுகம் என்பது? பொழுதுபோக்காகத் தைப்பவர்கள் ஜீஸ் பெண்ட்டைத் தங்கள் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த இடம் மட்டும் நழுவிவிடுகிறது. புகழ் வந்த பிறகும் கணக்கு நேராகவில்லை. தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று 2007இல் தைத்த பெண்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள், மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

இன்றைய பொழுதுபோக்குக் குயில்ட்டின் பெரிய குறை என்று நான் நினைப்பது புதுத் துணியை. முழுத் துணியை வாங்கி, அதைத் துண்டாக்கி, மறுபடி முழுத் துணியாக்குகிறார்கள். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த சக்கரக் கத்தி வெட்டும் வேலையை எளிதாக்கியது. ஒரே அளவில் நறுக்கி, நிறம் பொருத்திக் கட்டிய துணிக்கட்டுகள் இப்போது அந்த வேலையையும் மிச்சப்படுத்துகின்றன. அலமாரி நிறைய வெட்டாத துணி. இதற்கு ஆகும் செலவில் நல்ல போர்வைகள் சிலவற்றை வாங்கிவிடலாம் என்பது கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை; எந்தப் பொழுதுபோக்குதான் லாபக் கணக்குக்கு ஒத்துவரும்? கட்டோடு வரும் வடிவத்தாளைப் பின்பற்றி ஆயிரம் பேர் தைக்கும் அதே போர்வையைத் தானும் தைத்து, அதைத் தனக்கானது என்று சொல்லிக்கொள்வதுதான் உறுத்துகிறது. நடுவர் போய்விட்டார், அவர் எழுதிய விதிப்புத்தகம் மடியில் இருக்கிறது.

கேட்பார் இல்லாததற்கும் ஒரு விலை உண்டு. தனக்குத்தானே என்ற சலுகையில் தையல் விளிம்பைக் குறுகலாக விட்டால் நாலு துவைப்பில் இணைப்பு பிரியும். துவைத்துப் பார்க்காத சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கும். கூட யாராவது உட்கார்ந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். ஜீஸ் பெண்ட்டில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது: முகப்பை அவரவர் வீட்டில் தனியே இணைப்பார்கள், பஞ்சு வைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைக்கும்போது பல பெண்கள் கூடுவார்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதில் மற்றவர்களுக்கு வாயில்லை. தையலில் எல்லோருக்கும் கை உண்டு. இன்றைக்குப் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வடிவத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, தையலைக் கூலிக்கு, குயில்ட் தைக்கும் பெரிய நீள்கை எந்திரம் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, யோசனையையாவது தன்னிடம் வைத்துக்கொண்டால் மற்றதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கடைசியில் இன்னொரு பலவீனம், பத்திரப்படுத்துவது. தனக்கென்று தைத்ததைக் கறை படுமே என்று மடித்து வைத்துவிட்டு, பழைய கம்பளியையே போர்த்திக்கொள்பவர்கள் உண்டு. ஜீஸ் பெண்ட் பெண்கள் நைந்துபோன போர்வைகளைக் கொசுவை விரட்டக் கொளுத்திப் புகை போட்டார்கள். சேகரிப்பாளர்கள் அதைக் கேட்டுப் பதறினார்கள். தைத்தவர்களுக்கு அடுத்த குளிர்காலத்துக்குள் இன்னொன்று தைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.