அறியத்தருகிறேன்

சென்ற மார்கழியில் சென்னை வளசரவாக்கத்தில் என் சித்தி மகள் வீட்டில் பத்து நாள் நின்றேன். அவளுடைய பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசிக்கொண்டிருந்த அவளுடைய மாமியார், பேச்சோடு பேச்சாக, "உங்க ஊர்ல மூணே மாசத்துல வேலைக்குக் கூப்பிட்டுருவாங்களாமே, பாவம்" என்றார். கள்ளமில்லாத மனுஷி. ஆனாலும் அந்தப் 'பாவம்' எனக்குத் தைத்துவிட்டது.

மூன்று மாதமல்ல. நான் இலங்கையின் வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எங்கள் தாபன விதிக்கோவையின்படி பிரசவ லீவு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), அரச விடுமுறை எதுவும் அதில் சேராது. கலண்டரில் எண்ணிப் பார்த்தால் நான்கு மாதம் வரும். அதன் பின் அரைச் சம்பளத்தில் 84 நாள். அதுவும் போதாவிட்டால் சம்பளமற்ற லீவு இன்னும் ஒரு 84 நாள். பிந்திய இரண்டிலும் சனி, ஞாயிறும் சேர்த்தே எண்ணுவார்கள். மூன்றையும் கூட்டினால் ஒன்பது மாதம் தாண்டும்.

என் மகன் 2016 தையில் பிறந்தான். நிறை குறைந்த பிள்ளை. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து நிறுத்துப் பார்த்து, கொப்பியிலுள்ள கோட்டுப் படத்தில் புள்ளி போடுவார். அந்தப் புள்ளி மேலே ஏறாத ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு இடிக்கும். சரக்கரைச்ச கறி வைத்துத் தந்து என்னைத் தேற்றிய அம்மாவும் ஆடியில் படுக்கையில் விழுந்தார். அரைச் சம்பள லீவு முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. கந்தோருக்குப் போய், "மூன்றாவதையும் எடுக்க வேணும், எப்படி எழுதுறது?" என்று நிர்வாக உத்தியோகத்தரிடம் கேட்டேன்.

அவர் இருத்தி எழுதுவித்தார். நான் வழக்கம்போல், 'தயவுகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று தொடங்கியிருந்தேன். அவர் சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினார். "பிள்ளை, இது விதிக்கோவையில உள்ளது. கெஞ்சத் தேவையில்லை. இன்ன திகதியில் இருந்து இன்ன திகதி வரை பெற விரும்புகிறேன் என்பதை அறியத்தருகிறேன் என்று எழுதுங்கோ" என்றார். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று, முன்னைய இரண்டு லீவும் முடியும் திகதிகள், லீவில் இருக்கும்போது தொடர்புகொள்ளும் முகவரி, அவ்வளவுதான் கடிதம். ஒப்புதல் கையெழுத்து மேலே போடத்தான் வேண்டும். ஆனாலும் அந்த ஒரு சொல்லோடு நிமிர்ந்து வெளியே வந்தேன்.

சித்தி மகளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. அவளுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017 திருத்தத்தில் கூட்டினார்கள். எதிர்பார்க்கும் பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே லீவைத் தொடங்கலாம். அறிவிப்பை எழுத்தில் கொடுக்கவேண்டும், கொடுக்காமல் விட்டாலும் உரிமை போகாது. நல்ல சட்டம்தான். கொழும்பில் தனியார் நிறுவனத்தில் இருக்கும் என் தங்கைக்கு 84 நாளோடு சரி. அதற்கு மேல் முதலாளியின் மனம். அதைப் பற்றி அன்று மாமியாரிடம் நான் பேச்செடுக்கவில்லை.

ஆனால் அந்த 26 வாரத்துக்குப் பின் என்ன? சித்தி மகளுக்கு இன்னும் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வேண்டியிருந்தது. சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. நோய் என்று மருத்துவர் எழுதித் தந்தால் ஒரு மாதம் கூடும், மற்றபடி கம்பனியின் விருப்பம். கைபேசிச் செயலியில் 'எல்.ஓ.பி.' (சம்பள இழப்பு) என்று ஒன்றைத் தொடவேண்டும். காரணம் எழுதச் சின்னப் பெட்டி. அவள் பிள்ளையை மடியில் வைத்தபடி அதில் 'கைண்ட்லி கன்சிடர்' என்று எழுதியதைக் காட்டினாள். எட்டு வாரம் கேட்டதற்கு நான்கு வாரம் கிடைத்ததாம்.

சொற்களையும் அங்கேதான் கவனித்தேன். நாங்கள் லீவு, விடுமுறை என்பதை அவர்கள் விடுப்பு என்கிறார்கள். எங்களுக்குச் சம்பளமற்றது, அவர்களுக்கு ஊதியமில்லாதது. எங்கள் உத்தியோகத்தர் அவர்களுக்கு அலுவலர், திகதி தேதி, 'ஊடாக' என்பது 'வழி'. அவளுடைய நாத்தனார் (எங்களுக்கு மச்சாள்) அங்கே அரசுப் பள்ளி ஆசிரியை. அவர் காட்டிய விண்ணப்ப நகலில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றிருந்தது. விடுப்பு, ஊதியம் எல்லாம் தூய தமிழ்தான். ஆனாலும் 'அறியத்தருகிறேன்' என்ற சொல் அங்கே யாருக்கும் பழக்கமில்லை. அதை நான் சொன்னபோது சித்தி மகள் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த ஆசிரியைக்கு ஒரு வருடம் முழுச் சம்பளம். தமிழ்நாட்டு அரசு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது, 2021இல் பன்னிரண்டு என்று ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எங்கள் அரைச் சம்பளத்தையும் வெறுங்கையையும் வைக்க முடியாதுதான். ஆனால் அந்த ஒரு வருடம் இரண்டு பிள்ளை வரைக்கும் என்றொரு வரம்பு உண்டு. மூன்றாவதுக்கு லீவு மறுக்கப்பட்ட தருமபுரி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதத்தில்தான் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். எங்கள் விதிக்கோவை எத்தனையாவது பிள்ளை என்று கேட்பதில்லை. இதை மாமியாரிடம் இரண்டு முறை சொன்னேன்.

சம்பளமற்ற அந்த மூன்று மாதமும் எப்படிப் போனது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வங்கிக் கடன் தவணையைக் கையால் கட்டவேண்டியிருந்தது. கலியாணக் காப்பு இரண்டை அடைவு வைத்தோம் (அவர்கள் அடகு என்பார்கள்). ஒன்று மீண்டது. ஆனால் ஐப்பசியில் நான் கந்தோருக்குத் திரும்பியபோது மகன் தவழ்ந்துகொண்டிருந்தான், கொப்பியிலும் புள்ளி மேலே ஏறியிருந்தது. என் மேசையும் கதிரையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஊருக்கு வந்து ஒரு கிழமையில் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அந்த லெட்டரை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். இறப்பர் நாடா கட்டிய பைலில் பிரதி இருந்தது. வெட்டிய வரியும் சிவப்பு மையும் தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அனுப்பினேன்.