செல் பற்றும் தட்டு

செல் வளர்ப்புத் தட்டு பார்வைக்கு ஒன்றுமே இல்லை. வெறும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அப்படியே விட்டால் அதன்மேல் நீர்த்துளி முத்தாகத் திரண்டு நிற்கும். செல்களும் சரியாகப் பற்றாமல் உருண்டைகளாகவே கிடக்கும். பிளாஸ்மா எனும் அயனியாக்கப்பட்ட வாயுவில் சற்றே காட்டி எடுத்தால் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வேதித் தொகுதிகள் ஏறிவிடுகின்றன. மாற்றம் சில நானோமீட்டர் ஆழம்தான், விரலால் தடவினால் தெரியாது. நீர்த்துளிக்குத் தெரியும்; இப்போது அது படர்கிறது. செல் நேராகப் பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை என்பதுதான் இதில் அழகு. வளர்ப்பு ஊடகத்தில் கலந்த சீரத்திலுள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் புரதங்கள் முதலில் படிகின்றன. செல்லின் மேற்பரப்பிலுள்ள பற்றுப் புரதங்களான இன்டெக்ரின்கள் அவற்றைப் பிடிக்கின்றன. நுண்ணோக்கியில், ஓரம் ஒளிரும் உருண்டையாக வந்து இறங்கிய ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத்திசுச் செல் மெல்லிய விரல்களை நீட்டித் துழாவுகிறது. பிடி கிடைத்த பக்கமாக அதன் விளிம்பு நெளிந்து நெளிந்து முன்னேற, ஓரிரு மணி நேரத்தில் ஒளிவட்டம் மங்கி, செல் தட்டையாகப் பரவிவிடுகிறது.

நீர்விருப்பம் மிஞ்சினாலும் ஆகாது: பாலிஎத்திலீன் கிளைகால் இழைகள் அடர்ந்த பரப்பில் புரதமும் படியாது, செல்லும் ஒட்டாது. எல்லாவற்றிலும் நயமானது பாலி(என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைடு) ஒட்டவைத்த தட்டு. 37 டிகிரி செல்சியஸில் செல்கள் அதில் ஒட்டி வளரும். சுமார் 32 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் இழைகள் நீரேறி விரிய, செல்களைக் கழற்ற வழக்கமாகச் சேர்க்கும் நொதி எதுவும் ஊற்றாமலே, கோத்த கை விடாத செல்கள் ஒரே ஏடாக விளிம்பிலிருந்து மெல்லக் கழன்று வரும். ஜப்பானிய மருத்துவர்கள் வாய்ச்சவ்வுச் செல்களிலிருந்து இப்படி வளர்த்த ஏட்டை, தையல் போடாமலே, பழுதுற்ற கருவிழியின்மேல் பொருத்தியிருக்கிறார்கள்.