ஜயன்ட் சுரங்கம்: உறைய வைத்தால் சுத்தமா?

கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் 1949 முதல் ஆர்சனிக் கலந்த தாதுவை வறுத்துத் தங்கம் எடுத்தார்கள். புகை பனிமேல படிஞ்சது. அந்தப் பனியை உருக்கிக் குடித்த தெனே பழங்குடிக் குழந்தை ஒன்று 1951ல் இறந்தது. பிறகு புகையில் பிடித்த ஆர்சனிக் டிரையாக்சைடு தூளைப் பூமிக்கடியில் கொட்டினார்கள். மொத்தம் 2,37,000 டன், தண்ணீரில் கரையக்கூடியது. 1999ல் கம்பெனி திவால். பொறுப்பு அரசு தலையில்.

அரசின் திட்டம், தூளைச் சுற்றியுள்ள பாறையை உறைய வைப்பது. தெர்மோசைஃபான் குழாய்களுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பாறையின் சூட்டை மேலே கொண்டுவந்து குளிர்காலக் காற்றில் விட்டுடும். மின்சாரமே வேண்டாம். ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு.

ஆனா இதுக்கு 'சீரமைப்பு'ன்னு பேர் வைத்ததுதான் இடிக்குது. தூள் அங்கேயேதான் இருக்கு. அணுக்கழிவாவது காலப்போக்கில் வீரியம் குறையும். ஆர்சனிக் ஒரு தனிமம், என்றைக்கும் ஆர்சனிக்தான். எங்க பாஷையில் சொன்னா இது பேட்ச், ஃபிக்ஸ் இல்லை. உருப்படியான திருத்தம் 2013ல் வந்தது: 'என்றென்றைக்கும்' என்றிருந்த திட்டத்தை 100 வருஷத்துக்குள் அடக்கி, நிரந்தரத் தீர்வுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னது சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வாரியம். 2022 மதிப்பீட்டில் மொத்தச் செலவு 438 கோடி கனடிய டாலர். அதில் அந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு போகுதுன்னுதான் நான் முதலில் பார்ப்பேன்.